இடம் கிடைத்தது; பாடம் கிடைத்ததா?

(பொறியியல் கல்வியில் கற்பித்தலும் சமநீதியும் என்னும் பொருளில், புனே நகரில் வாழும் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கட்கி, தேஹு ரோடு, பிம்ப்ரி, போசரி ஆகிய பகுதிகளில் வேரூன்றிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் வெடிமருந்து ஆலையிலோ கட்டுமானப் பணியிலோ உழைத்தவர். தந்தை கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவர். பிள்ளை பொறியியல் கல்லூரி மாணவர். மூன்று தலைமுறைகளில் நிகழ்ந்துள்ள இம்மாற்றம் ஆள்வோர் அளித்த கொடையன்று. இடஒதுக்கீட்டிற்காகவும், உதவித்தொகைக்காகவும், கட்டணக் கட்டுப்பாட்டிற்காகவும் பல பத்தாண்டுகள் நடந்த போராட்டங்கள் திறந்துவைத்த கதவு இது. அக்கதவைக் காப்பது நம் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. எனினும் கதவைக் கடந்து உள்ளே சென்ற பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலாண்டுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மராட்டிய மாநில மாணவர்களின் வாயில் அதிகம் புழங்கும் சொல் 'ஏ.டி.கே.டி.' என்பதாகும். அடுத்த வகுப்பிற்குச் செல்லலாம். ஆனால் தோற்ற பாடங்களைச் சுமந்துகொண்டே செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் இதையே 'அரியர்' என்கிறோம். சுமை அளவு கடந்தால் 'இயர் டவுன்'. ஓராண்டு முழுவதும் வீட்டிலிருந்து தேர்வு எழுத வேண்டும். கணிதம், இயந்திரவியல், அடிப்படை மின்னியல் ஆகிய தாள்களில் வீழ்ந்தவர்கள் யார், எந்த மொழியில் பள்ளிக் கல்வி பயின்றவர்கள், எந்தச் சமூகப் பிரிவினர், குடும்பத்தில் எத்தனையாவது பட்டதாரி என்றெல்லாம் பிரித்து வெளியிடும் வழக்கம் நம் கல்லூரிகளில் இல்லை. சேர்க்கைப் பட்டியல் சமூகவாரியாக வெளியாகிறது. தோல்விப் பட்டியல் அவ்வாறு வெளியாவதில்லை. இருக்கை கிடைப்பதோடு சமநீதி நிறைவுறுவதில்லை; பாடமும் கிடைக்க வேண்டும். பாடம் கிடைக்க வேண்டுமானால் கற்பிப்பவருக்கு நிலையான பணியும் பயிற்சியும் நேரமும் வேண்டும். இன்றைய உரையின் சாரம் இதுவே.

ஒரு சொல், இரு பொருள்

உயர்கல்வி பற்றிய அரசுத் திட்ட அறிக்கைகளிலும் உலக வங்கியின் கடன் ஆவணங்களிலும் 'ஈக்விட்டி' என்றொரு சொல் இடைவிடாது வருகிறது. கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இச்சொல்லுக்குச் 'சமத்துவம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பதை அறிவேன். பந்தியில் அமர்ந்த அனைவருக்கும் ஒரே அளவு சோறு இடுவது சமத்துவம். முந்தைய நாள் உணவில்லாமல் வந்தவன் யார் என்று பார்த்து, அவன் பசியும் தீரும்வரை இடுவது சமநீதி. பொறியியல் வகுப்பறையில் நடப்பது முதல்வகைப் பரிமாறல். மாநகரத்தின் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துப் பயிற்சி மையத்தில் இரண்டாண்டு நுழைவுத்தேர்வுப் பயிற்சி பெற்று வந்தவருக்கும், சோலாப்பூர் மாவட்டத்தின் கிராமப்புற மராத்திப் பள்ளியிலிருந்து வந்தவருக்கும் ஒரே வேகத்தில், ஒரே மொழியில், ஒரே கரும்பலகையில் பாடம் ஓடுகிறது. பின்னர் ஒரே வினாத்தாள் வருகிறது. முடிவில் பின்தங்கியவரின் 'தகுதி' குறித்து விவாதம் எழுகிறது.

அதே ஆங்கிலச் சொல்லுக்குப் பங்குச் சந்தையில் வேறு பொருள் உண்டு. அங்கே அது பங்கு மூலதனத்தைக் குறிக்கும். முதற்பொருளை அறிக்கையில் எழுதிவைத்து, இரண்டாம் பொருளை வளாகத்தில் நடைமுறைப்படுத்தியதுதான் நம் நாட்டுப் பொறியியல் கல்வியின் நாற்பதாண்டு வரலாறு. இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளப் புனேயைவிடப் பொருத்தமான நகரம் இல்லை.

புனேயின் இரு பள்ளிகள்

1848ஆம் ஆண்டில் புதவார் பேட்டையிலுள்ள பிடே வாடாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண்குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1854இல், இதே நகரில் கும்பினி ஆட்சி ஒரு பொறியியல் வகுப்பையும் இயந்திரப் பள்ளியையும் திறந்தது. சாலை, பாலம், அணை, கால்வாய் ஆகிய பொதுப்பணிகளுக்குக் கீழ்நிலை அலுவலர்களைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கம். சென்னையில் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியும், ரூர்க்கியில் 1847இல் தொடங்கிய கல்லூரியும் இத்தகைய தேவைகளிலிருந்தே பிறந்தன. மேல்நிலைப் பொறியாளர் பதவிகளுக்கென இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் 1870களில் தனிக் கல்லூரியே நிறுவப்பட்டு, 1906 வரை இயங்கியது. கட்டளையிடுவோருக்கு ஒரு கல்வி, கட்டளையை நிறைவேற்றுவோருக்கு ஒரு கல்வி என்ற பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது. புனேயின் அந்தப் பள்ளியே விஸ்வேஸ்வரய்யா போன்றோரை உருவாக்கிய பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 2022இல் தனிப் பல்கலைக்கழகமாகியுள்ளது.

1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் கமிஷன்முன் பூலே அளித்த சாட்சியம் நம் தோழர்கள் அனைவரும் படித்துணர வேண்டிய ஆவணமாகும். பூலே கல்வியாளர் மட்டுமல்லர். மஞ்ச்ரியில் நிலம் வைத்துப் பயிர்செய்தவர். அணைக் கட்டுமானத்திற்குப் பொருள்கள் வழங்கிய ஒப்பந்ததாரர். கட்டுமானக் களத்தில் யார் உழைக்கிறார்கள், யார் கணக்கெழுதுகிறார்கள் என்பதை நேரில் கண்டவர். உழவரின் வரிப்பணத்தில் பெரும்பங்கு மேல்சாதியினரின் உயர்கல்விக்குச் செல்வதையும், வரி செலுத்துவோரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியே எட்டாமலிருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அத்துடன் நிற்கவில்லை. பாடத்திட்டத்தில் கணக்கும் வேளாண்மை அறிவும் இடம்பெற வேண்டும் என்றார். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்களாகவும் போதிய ஊதியம் பெறுபவர்களாகவும் இருக்க வேண்டும் என்றார். தேவைப்படும்போது ஏர்க்காலையும் தச்சரின் வாய்ச்சியையும் கையில் பிடிக்க வெட்கப்படாதவர்கள், உழைக்கும் மக்களோடு இயல்பாகக் கலந்து பழகக்கூடியவர்கள் ஆசிரியர்களாக வர வேண்டும் என்றும் கோரினார். யாருக்குக் கல்வி என்ற கேள்வியோடு, எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது, அவருக்கு என்ன ஊதியம் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்து எழுப்பியவர் பூலே. பின்வந்த காலத்தில் முதற்கேள்விக்காக நாம் வீறுடன் போராடினோம். ஏனைய மூன்றும் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

கதவு திறந்த விதம்

1983இல் மராட்டியத்தில் வசந்த்தாதா பாட்டில் அரசு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் சுயநிதிக் கல்லூரிகள் தோன்றின. சர்க்கரை ஆலைகளையும் கூட்டுறவு வங்கிகளையும் கையில் வைத்திருந்த அரசியல் குடும்பங்கள் கல்வி அறக்கட்டளைகளை நிறுவின. புனே மாநகரத்தைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் கல்லூரி வளாகங்கள் எழுந்தன. இடங்கள் பெருகின என்பது உண்மை. அப்பெருக்கத்தினால்தான் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உள்ளே நுழைந்தனர் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இடங்களின் மீது சமூகத்திற்கு உரிமை உண்டா என்ற வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. இனாம்தார் எதிர் மராட்டிய அரசு என்ற புகழ்பெற்ற வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் தொழிற்கல்லூரிகளின் மீது அரசு தன் இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2005 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளின் வலிமை மிகுந்திருந்த அக்காலத்தில் 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறி, 15(5) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. மாநிலங்கள் சட்டமியற்ற வழி பிறந்தது.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பொறியியல் நுழைவுத்தேர்வு ஒழிக்கப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. மராட்டியத்தில் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவுகளின் மாணவியருக்குத் தொழிற்படிப்புக் கட்டணத்தை முழுமையாகத் தள்ளுபடி செய்யும் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. இவை அனைத்தும் நுழைவாயிலில் ஈட்டிய வெற்றிகள். அவற்றைக் குறைத்து மதிப்பிடும் எந்தப் பேச்சையும் நாம் ஏற்கலாகாது.

வகுப்பறை என்னும் வடிகட்டி

நுழைவாயிலில் நடந்துகொண்டிருந்த வடிகட்டல் இப்போது வகுப்பறைக்குள் இடம்பெயர்ந்துள்ளது. 2015இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. நிர்வாகம் மதிப்பெண் குறைவு என்ற காரணத்தைக் காட்டி 73 முதலாண்டு மாணவர்களை வெளியேற்றியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள். ஆங்கிலவழி விரிவுரைகளைப் பின்தொடர முடியவில்லை என்பது அவர்களில் பலர் சொன்ன காரணம். எதிர்ப்பு எழுந்த பின்னரே மீண்டும் படிக்க அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அவர்கள் நாட்டின் மிகக் கடினமான நுழைவுத்தேர்வொன்றைக் கடந்து வந்தவர்கள். ஓராண்டுக் கற்பித்தல் அவர்களைச் சென்றடையவில்லை என்றால் தேர்வில் தோற்றது யார் என்ற கேள்வியை அந்நிறுவனம் தன்னிடமே கேட்டிருக்க வேண்டும்.

இடஒதுக்கீட்டில் வருவோர் தாக்குப்பிடிக்க மாட்டார்கள், அவர்களைச் சிறந்த கல்லூரியில் சேர்ப்பது அவர்களுக்கே தீங்கு என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இந்திய மாநிலமொன்றின் 200க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் சேர்க்கையையும் தேர்ச்சியையும் ஆராய்ந்த கட்டுரையொன்று 2016இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வெளியாயிற்று. அவ்வாறான தீங்கு நேர்ந்ததற்குச் சான்றேதும் அதில் கிடைக்கவில்லை. இடஒதுக்கீடு தன் நோக்கத்தை நிறைவேற்றுகிறது என்பதே அதன் முடிவு.

மற்றோர் ஆய்வு அனைத்துப் பிரிவு மாணவர்களையும் பற்றியது. சீனா, இந்தியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் கணினி, மின்னியல் துறைகளில் பயிலும் பல்லாயிரம் மாணவர்களைத் தொடர்ந்து சோதித்து 2021இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியிடப்பட்டது அது. இந்திய மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் பாட அறிவில் முன்னேறுகிறார்கள். ஆனால் ஆராய்ந்து சிந்திக்கும் திறனில் நான்காண்டுகளிலும் முன்னேற்றம் ஏற்படவில்லை. இந்நிலை சீனத்திற்கும் ரஷ்யாவிற்கும் பொதுவானது. அதாவது, நம் பிள்ளைகள் படிக்க வல்லவர்கள், கற்பித்தால் கற்கிறார்கள். நான்காண்டுகள் அவர்களை மனப்பாடத்தில் ஆழ்த்தும் முறைதான் அவர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மராட்டியத்தில் 'ஜர்னல்', தமிழ்நாட்டில் 'ரெக்கார்டு' எனப்படும் ஆய்வகக் குறிப்பேட்டைச் சென்ற ஆண்டு மாணவரிடமிருந்து வாங்கிப் பார்த்தெழுதும் வழக்கத்தை அறியாதார் இல்லை. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் 'லோக்கல் ஆத்தர்' வழிகாட்டி நூலைப் படித்தால் தேர்ச்சி பெறலாம் என்ற நிலையில், சிந்திப்பதற்கு எவருக்கும் தேவையே எழுவதில்லை.

கடைசல் இயந்திரமும் கணிதமும்

வேறு வகையில் கற்பிக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆசிரியர் பேச, மாணவர் எழுதும் விரிவுரை முறையையும், மாணவர்கள் சிறு குழுக்களாக வினாக்களை விவாதித்து, தவறு செய்து, திருத்தி முன்செல்லும் முறையையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் அமெரிக்க அறிவியல் அகாதமியின் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடு, பங்கேற்பு வகுப்புகளில் 21.8 விழுக்காடு. 2020இல் அதே இதழில் வந்த தொடர்ச்சியான ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. பங்கேற்பு முறையினால், ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்கும் ஏனையோருக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி 33 விழுக்காடும், தேர்ச்சி இடைவெளி 45 விழுக்காடும் குறைந்தன என்று அது கூறுகிறது. அனைவருக்கும் பயன்தரும் கற்பித்தல், பின்தங்கியோருக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. இடைவெளி மாணவரின் பிறப்போடு ஒட்டிய குணமாக இருந்திருந்தால், கற்பிக்கும் முறையை மாற்றியதும் அது சுருங்கியிராது.

பூலே கேட்ட வாய்ச்சி இங்கேதான் நினைவுக்கு வருகிறது. போசரியில் கடைசல் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளி ஒன்றை அறிவார்: கடையப்படும் பொருளின் விட்டம் குறைந்தால் சுழற்சியைக் கூட்ட வேண்டும். வெட்டு வேகம் என்பது விட்டத்தையும் சுழற்சியையும் பொறுத்தது என்ற சமன்பாட்டைக் கை அறிந்திருக்கிறது. உருளையின் முகப்பைச் சீவும்போது கருவி மையத்தை நெருங்க நெருங்க விட்டம் தொடர்ந்து குறைகிறது. வெட்டு வேகம் மாறாதிருக்க வேண்டுமானால் சுழற்சி தொடர்ந்து கூட வேண்டும். கணினிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் 'ஜி 96' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. ஓர் அளவு மாறும்போது மற்றோர் அளவு எந்த வீதத்தில் மாறுகிறது என்பதுதானே முதலாண்டு மாணவரை அச்சுறுத்தும் வகைநுண்கணிதம்! டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர்களில் பலர் இந்த இயந்திரங்களைக் கையாண்டவர்கள். பலரின் தந்தையர் அதிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்கள் அறிந்ததிலிருந்து பாடம் தொடங்கினால் அவர்கள் வகுப்பின் முன்வரிசையில் இருப்பார்கள். குறியீடுகளிலிருந்து தொடங்கிக் குறியீடுகளிலேயே முடிந்தால் அவர்களே கடைசி வரிசைக்குச் செல்கிறார்கள். தொழிலாளியின் அறிவுக்குப் பாடத்திட்டத்தில் இடமளிப்பதும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

மொழியும் இதோடு இணைந்தது. தமிழ்நாட்டில் 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021இல் இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அனுமதித்தபோது, பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலுள்ள கல்லூரியொன்று கணினிப் பொறியியலை மராத்தியில் கற்பிக்க முன்வந்தது. 2023இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. தாய்மொழிவழிக் கல்வியை நாம் உறுதியாக ஆதரிக்கிறோம். அதே வேளையில், தமிழ்வழி மாணவரைத் தனி அறையில் அமர்த்தி, தரமான நூல்களும் வேலைவாய்ப்பும் இன்றிக் கைவிடுவது ஆதரவாகாது. அனைத்து வகுப்புகளிலும் கருத்தைத் தாய்மொழியில் விளக்கி, கலைச்சொல்லை இரு மொழிகளிலும் தந்து, விடையை எம்மொழியிலும் எழுதும் உரிமை வழங்குவது இன்றே செய்யக்கூடியது. 'டார்க்' என்ற சொல்லின் முன் விழிக்கும் மாணவி, திருகு சாவியின் கைப்பிடி நீண்டால் மரையைத் திருப்புவது எளிது என்று அவளது மொழியில் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வாள். பிறகு அந்தச் சொல் அவளுக்கு அச்சம் தருவதில்லை.

கற்பிப்போரின் நிலை

இவ்வாறு கற்பிக்க யார் இருக்கிறார்கள்? பள்ளியில் ஐந்தாம் வகுப்பிற்குக் கற்பிக்கவும் ஆசிரியர் பயிற்சி கட்டாயம். பொறியியல் கல்லூரியில் கற்பிக்க முதுநிலைப் பட்டம் போதும். கற்பித்தல் கலையை ஒரு நாளும் பயின்றிருக்க வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் இணையவழிப் பயிற்சி ஒன்று கொண்டுவரப்பட்டுள்ளது. அதுவும் பணிச்சுமையின் மேல் ஏற்றப்பட்ட இன்னொரு சுமையாகவே ஆசிரியரை அடைகிறது.

2018இல் ஆசிரியர்-மாணவர் விகிதம் 1:15 என்பதிலிருந்து 1:20 எனத் தளர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 60 பேர் சேரும் துறையில் நான்காண்டுகளுக்கும் சேர்த்து 240 மாணவர்கள். முன்பு 16 ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். இப்போது 12 பேர் போதும். ஒரு கையெழுத்தில் நான்கில் ஒரு பங்கு பணியிடங்கள் மறைந்தன. 2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பும் நீக்கப்பட்டதால், சந்தை கேட்கும் கணினிப் பிரிவுகள் வீங்குகின்றன. குழு விவாதம் நடத்த வேண்டிய வகுப்பறை பொதுக்கூட்டத் திடலாகிறது.

காகிதத்தில் உள்ள ஆசிரியரும் வகுப்பில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் 353 பேர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததாக அறப்போர் இயக்கம் 2024இல் குற்றம்சாட்டியது. அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை நடத்த நேர்ந்தது. மராட்டியத்தில் 'தாசிகா' முறை எனப்படும் மணிக்கணக்கு ஊதியத்தில் கற்பிப்போர் கல்லூரிகளை நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குக் 'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர். கௌரவம் பெயரில் மட்டுமே உள்ளது. இதே புனேயில் பெரிய கல்விக் குழுமம் ஒன்றின் ஆசிரியர்கள், பல மாத ஊதிய பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்ததை நாளிதழ்களில் படித்தோம். அடுத்த மாத ஊதியம் உறுதியில்லாதவரிடம், பின்தங்கிய மாணவருக்காக மாலையில் ஒரு மணிநேரம் கூடுதலாக அமர்ந்திருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடாகியது. கற்றல் விளைவுகளை அளந்து கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் முறை பரவியது. மாணவர் என்ன கற்றார் என்று கேட்பது நல்ல கேள்விதான். ஆனால் ஆசிரியரின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு அக்கேள்வியைக் கேட்டதால், விடை அட்டவணைகளில் மட்டும் எழுதப்படுகிறது. எந்த வினா எந்த விளைவைச் சார்ந்தது என்று கட்டங்களை நிரப்புவதில் ஆசிரியரின் மாலைகள் கழிகின்றன.

கடனோடு வந்து கடனோடு போனவர்கள்

மேம்படுத்த முயற்சிகளே நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தன. உலக வங்கிக் கடனில் 'டெக்விப்' எனப்படும் தொழில்நுட்பக் கல்வித் தர மேம்பாட்டுத் திட்டம் 2003 முதல் 2021 வரை மூன்று கட்டங்களாக நடைபெற்றது. முதற்கட்டத்திலேயே மராட்டியமும் பங்கேற்றது. மூன்றாம் கட்டத்தில் பாராட்டத்தக்க ஒரு பணி நடந்தது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் பயின்ற ஆயிரத்திற்கும் மேற்பட்ட இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பீகார், ஜார்க்கண்ட், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களின் பின்தங்கிய பகுதிக் கல்லூரிகளுக்கு உதவிப் பேராசிரியர்களாக அனுப்பப்பட்டனர். பல கல்லூரிகளில் காலியாகக் கிடந்த வகுப்பறைகளுக்கு ஆசிரியர்கள் வந்தனர். ஆனால் அது ஒப்பந்தப் பணி. 2021 செப்டம்பர் 30இல் திட்டம் முடிந்தது. அவர்களின் பணியும் முடிந்தது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். வகுப்பறைகள் மீண்டும் காலியாயின.

அதற்கு மறுநாள், 2021 அக்டோபர் 1இல்தான், படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. கட்கி, தேஹு ரோடு தோழர்கள் அந்நாளை மறந்திருக்க மாட்டார்கள். தந்தையின் ஆலைக்கும் பிள்ளையின் கல்லூரிக்கும் ஒரே கொள்கை அடுத்தடுத்த நாட்களில் வந்து சேர்ந்தது. ஆலைவாயிலில் நாம் எழுப்பும் நிரந்தரப் பணி என்ற முழக்கத்தைக் கல்லூரி வாயிலிலும் எழுப்ப வேண்டிய காரணம் இதுவே.

2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை அடுத்த திட்டத்திற்கு ஒப்புதல் அளித்துள்ளது. 4,200 கோடி ரூபாய். அதில் பாதி உலக வங்கிக் கடன். 175 பொறியியல் நிறுவனங்களும் 100 பாலிடெக்னிக்குகளும் அதில் அடங்கும். அதன் சுருக்கப் பெயர் 'மெரிட்'. இடஒதுக்கீட்டை எதிர்ப்போர் நெடுங்காலமாக உச்சரித்துவரும் அதே சொல் இப்போது ஒரு திட்டத்தின் பெயராகவே வந்துவிட்டது. பெயரைவிட முக்கியமானது ஐந்தாண்டுக்குப் பின் எஞ்சப்போவது என்ன என்பதாகும். ஆய்வகக் கருவி எஞ்சும். அதை இயக்கக் கற்பிக்கும் ஆசிரியர் எஞ்சுவாரா என்பதற்கு நிரந்தரப் பணியிடம் மட்டுமே விடையளிக்க முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, முதலாண்டுத் தேர்ச்சி விவரங்களைச் சமூகப் பிரிவு, பாலினம், பள்ளிப் பயிற்றுமொழி, சேர்க்கை முறை ஆகியவற்றின்படி மாணவர் பெயர்களின்றி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதைக் கேட்பதற்குச் செலவில்லை. மறுப்பதற்கு நியாயமும் இல்லை. மாணவர் அமைப்புத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி இதைத் தொடங்கலாம்.

இரண்டாவதாக, இணைப்புப் பாட வகுப்புகள் கால அட்டவணைக்குள் நடைபெற வேண்டும். மாலை ஐந்து மணிக்குமேல், 'பின்தங்கியவர்' என்ற முத்திரையோடு நடத்தப்படும் வகுப்பிற்கு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவியும் பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவரும் வர இயலாது. முதலாண்டுப் பாடங்களை அனுபவம் மிக்க ஆசிரியர்கள் எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரின் தலையில் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மூன்றாவதாக, 1:15 விகிதத்தை மீட்டல், காலியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்புதல், இடஒதுக்கீட்டின்படி ஆசிரியர் நியமனம், ஊதியத்துடன் கூடிய கற்பித்தல் பயிற்சி ஆகிய கோரிக்கைகளில் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றுபட வேண்டும். ஆசிரியரின் பணி நிலைமை மாணவரின் கற்றல் நிலைமையும் ஆகும். ஆசிரியர் போராட்டத்தின்போது 'பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது' என்று நம் வீடுகளிலேயே எழும் முணுமுணுப்பிற்கு இந்த உண்மையைக் கொண்டே விடை சொல்ல வேண்டும்.

நான்காவது பணி நம் கையிலேயே உள்ளது. ஆலைப் பகுதிகளிலுள்ள நம் சங்க அலுவலகங்கள் மாலையில் ஓரிரு மணிநேரமாவது முதலாண்டு மாணவர்களுக்குத் திறந்திருக்கட்டும். மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாண்டு மாணவருக்குத் தமிழிலும் மராத்தியிலும் கணிதம் சொல்லித் தரட்டும். கடைசல் இயந்திரத்தில் முப்பதாண்டு நின்ற தோழர் அவர்களுக்கு வெட்டு வேகத்தை விளக்கட்டும். இது அரசின் கடமைக்கு மாற்றாகாது. ஆனால் பிள்ளை தோற்கும்போது அவனையே குற்றம் சொல்லும் வீட்டுப் பேச்சை இது மாற்றும். தோல்விப் பட்டியலைக் கையில் ஏந்தி நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் துணிவையும் தரும்.

வரும் பருவத் தேர்வு முடிவு வெளியானதும் அவரவர் பகுதியில் எத்தனை பிள்ளைகள் எந்தெந்தப் பாடங்களில் நின்றுவிட்டனர் என்ற கணக்கை எடுத்து வாருங்கள். அடுத்த கூட்டத்தை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.